அழிரப்பர் அக்காவின் மேல்தளம்

கப்பல் பட்டறையில் அவளை எல்லோரும் ‘அழிரப்பர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கோடு போட்டால் ஒன்பது தடவை அழிப்பாள். இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்கள் யோசித்ததை வரைந்து கொடுத்தவளுக்கு, பழைய சரக்குப் படகை லாரியும் ஆளும் சேர்ந்து போகிற படகாக மாற்றும் வேலைதான் முதல் சொந்த யோசனை. கீழே பன்னிரண்டு லாரி, மேலே முந்நூறு பேர்.

மேலாளர் படியை ஒரே பக்கம் வைக்கச் சொன்னார். இவள் மசியவில்லை. தினமும் படகில் வேலைக்கு வருகிறவள், அவளுக்குத் தெரியாதா?

“கரை கண்ணுல பட்டதும் எல்லாரும் மூட்டையத் தூக்கிட்டு ஒரே பக்கமா வந்து நிப்பாங்க சார். உக்காருங்கன்னா எவன் கேக்கறான்?”

இரண்டு பக்கமும் படி வைத்தாள். படகு தலைகனத்துப் போகாமலிருக்க மேல்தளத்தையும் ஒரு முழம் தாழ்த்தினாள். குள்ளச்சி தன் உயரத்துக்கு வரைந்துவிட்டாள் என்று பட்டறையே சிரித்தது. சிரிக்கட்டுமே, அவளுக்கென்ன!

சாய்வுச் சோதனை நாளும் வந்தது. மேல்தளத்தின் ஓரத்தில் கயிற்றில் ஒரு தூக்குக்குண்டு தொங்கியது. அதன் பின்னால் ஒரு பலகை, பலகையில் சிவப்புக் கோடு. படகு சாயச் சாயக் குண்டு கோட்டை நோக்கி நகரும். கோட்டைத் தாண்டினால் மேல்தளத்தை வெட்டி எடுக்க வேண்டியதுதான். அதை வெல்டிங் செய்தவன் அவள் புருஷன்.

“வெட்டணும்னா நானே வெட்டறேன். வேற எவனும் கை வைக்கக் கூடாது” என்று கேஸ் கட்டரோடு வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

முந்நூறு பேரில் பாதிப் பேரின் எடைக்கு ஈடாக மணல் மூட்டைகளைக் குண்டு தொங்கிய ஓரமாக அடுக்கினார்கள். குண்டு பாதி வழி போய் நின்றது. அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்க, தளமெங்கும் நின்ற பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் அதே ஓரத்துக்கு முண்டியடித்து வந்துவிட்டார்கள். படகு இன்னும் சாய்ந்தது. குண்டு கோட்டை நெருங்கியது.

“யாருய்யா அது, தள்ளிப் போங்க” என்று சோதனை அதிகாரி சிடுசிடுத்தார்.

“வேணாம் சார், நிக்கட்டும்” என்றாள் அவள். “கரை வந்தா இப்படித்தான் நிப்பாங்க. இப்பவே பாத்துடுங்க.”

குண்டு கோட்டுக்கு இரண்டு விரல் இப்பால் நின்றது. நின்றது நின்றதுதான். அதிகாரி மூன்று முறை குனிந்து பார்த்துவிட்டுப் படிவத்தை நீட்டினார்.

அவள் வழக்கம்போல ‘வரைந்தவர்’ கட்டத்தைத் தேடினாள். மேலாளர் அதற்கு மேலே இருந்த ‘வடிவமைத்தவர்’ கட்டத்தைக் காட்டி, “இங்க போடுங்கம்மா” என்றார்.

பழக்க தோஷம், கை காதில் செருகியிருந்த பென்சிலுக்குப் போனது. புருஷன் கட்டரைக் கீழே வைத்தான். அதிகாரியிடம் பேனா வாங்கி அவள் கையில் திணித்தான்.

“பேனாவால போடு தாயே. இதையாவது அழிக்காம விடு.”

அவள் அழுத்திப் போட்டாள். அடியிலிருந்த மூன்று நகலிலும் பதிந்தது.