நான் போட்ட பட்டாணிக் கட்டம்

என் அக்கா வீட்டுக்காரரிடம் பேச வேண்டுமென்றால் எதிரே போய் நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் தொண்டை கிழியக் கத்தினாலும் பயனில்லை. முகத்தைப் பார்த்துவிட்டாரானால், சத்தமே இல்லாமல் வாயசைத்தாலும் புரிந்துகொள்வார். பதிமூன்று வயதிலிருந்து எட்டு விசைத்தறி ஓடும் கொட்டகையில் நின்றவர். அங்கே எல்லோருக்கும் வாயசைவுதான் பாஷை. கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர், அதில் ஒரு கதவு. அந்தக் கதவை யாரும் சாத்தி நான் பார்த்ததில்லை.

அத்தானின் அப்பாவுக்குக் காது கேட்காது. பெரியப்பாவுக்கும் கேட்காது. தாத்தா முழுச் செவிடு. “எங்க பரம்பரைச் சொத்து. பங்கு பிரிக்கறதுல தகராறே கிடையாது” என்று அத்தானே சிரிப்பார். ஒரு சித்தப்பாவுக்கு மட்டும் பாம்புக் காது. அவர் பாட்டி வழி என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் நான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன். உயிரியலில் தொண்ணூற்றிரண்டு மதிப்பெண். தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்? ஒரு மத்தியானம் அக்காவின் சமையலறையில் நோட்டைப் பிரித்து, பாடத்தில் பட்டாணிச் செடிக்குப் போடுகிற நாலு கட்டத்தைப் போட்டேன். “பாருக்கா, நாலு பிள்ளை பெத்தா ரெண்டுக்குக் காது கேக்காது. ரத்தத்துல வர்றது, தப்பிக்கவே முடியாது.”

அத்தான் கதவருகே நின்றிருந்தார். என் குரல் அவருக்கு எட்டியிருக்காது. வாயைப் பார்த்துவிட்டார்.

“இது என்னோட போகட்டும்” என்றார் அன்றைக்கு. பிள்ளையே வேண்டாமென்று சொன்னபடியே நின்றார். அக்கா பல மாதம் அழுதாள், ஆனால் சண்டை போடவில்லை. படித்த தங்கச்சி கட்டம் போட்டுக் காட்டியிருக்கிறாளே, எதைச் சொல்லிச் சண்டை போடுவாள்? நாலு வருஷம் கழித்து ஆறு மாதப் பெண் குழந்தை ஒன்றைத் தத்தெடுத்தார்கள். குட்டி என்று கூப்பிட்டார்கள். விவரம் தெரிந்த நாளிலேயே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியும்விட்டார்கள்.

அக்காவும் தறியில் நிற்பாள் என்பதால் தொட்டிலைக் கொட்டகையிலேயே கட்டினார்கள். அந்த இரைச்சலில் குட்டி சுகமாகத் தூங்குவாள். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் வீறிட்டு அழுவாள். “தறிக்குன்னே பொறந்தவ” என்று பூரித்துப் போவார் அத்தான்.

அவளுக்குப் பத்து வயதானபோது, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். அப்போதும் நான் சும்மா இருக்கவில்லை. “பெறாமலேயே உங்க வாரிசாயிட்டா அத்தான்” என்று கிண்டல் செய்தேன். இன்றைக்கு நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். டாக்டரம்மா குட்டியைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சோதித்துவிட்டு, “குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா?” என்று கேட்டார்.

அத்தான் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். “எங்க அப்பா, பெரியப்பா, தாத்தா, அப்புறம் நான்...” நாலாவது விரல் அப்படியே நின்றுவிட்டது. அக்காதான் மெதுவாகச் சொன்னாள்: “இவ நாங்க தத்தெடுத்த பொண்ணு டாக்டர்.”

“அவங்கல்லாம் என்ன வேலை பார்த்தாங்க?”

“தறிதான்.”

“தறிக்குப் போகாதவங்க யாரும் இல்லையா?”

“ஒரு சித்தப்பா. சின்ன வயசுலயே லாரி ஓட்டப் போயிட்டார்.” நீட்டியிருந்த விரல்களை அத்தான் ஒவ்வொன்றாக மடக்கினார். பாட்டி வழி என்று நாங்கள் ஒதுக்கிவைத்த சித்தப்பாவுக்கு எண்பது வயதிலும் அடுத்த அறையில் பேசுவது கேட்கும்.

“போனது திரும்பி வராதுங்க. மிச்சத்தைக் காப்பாத்தலாம். தறிச் சத்தத்துல இனி ஒரு நாள்கூட இவ இருக்கக் கூடாது” என்றார் டாக்டரம்மா.

மறுநாளே நாலு தெரு தள்ளி இரண்டு அறை வாடகைக்குப் பிடித்தார் அத்தான். சாமான் சுமக்க நான் போயிருந்தேன். மத்தியானம் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். குழாய் சொட்டுவதுகூடக் கேட்கிற வீடு அது. அத்தான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டுதான் அக்கா முணுமுணுத்தாள்.

“நாமளே ஒண்ணு பெத்திருக்கலாம்.”

கேட்டது நான் மட்டும்தான் என்று நினைத்தேன். எதிரே உட்கார்ந்திருந்த குட்டியும் தறிக் கொட்டகையில் வளர்ந்தவள்தானே. அவள் கண் அக்காவின் வாயில் இருந்தது.

“அப்ப நான் எங்கம்மா போயிருப்பேன்?”

அவளுக்கும் அத்தான் மாதிரி உரக்கத்தான் பேச வரும். அக்கா எச்சில் கையோடு அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அத்தான் நிமிர்ந்தார். என்ன ஆயிற்று என்று கேட்பவர் போல என் வாயைப் பார்த்தார். அன்றைக்கு அவர் பார்த்த அதே வாய். இப்போது அதிலிருந்து சத்தம் வரவில்லை, அசைக்கத்தான் முடிந்தது. தப்பு என்னோடது அத்தான், அந்தப் பட்டாணிக் கட்டத்தை நான் போட்டிருக்கவே கூடாது.

அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

“பட்டாணிய விடும்மா” என்றார். புது வீடு முழுக்க அவர் குரல்தான் கேட்டது. “அந்தக் கொட்டகைக் கதவை நான் சாத்தியிருக்கலாம்ல?”