கம்பியில் கட்டிய எலுமிச்சங்காய்

எனக்கு ஒரு இடத்தில் கால் தரிக்காது. இந்த வயதிலும் அப்படித்தான். அன்று காலை காஜா பெராங் வீட்டில் வாசலுக்கும் அடுப்படிக்குமாக எத்தனை நடை நடந்தேனோ தெரியாது. என் மனைவி கடைசியில், "ஒண்ணு உட்காருங்க, இல்லாட்டி கிளம்புங்க. பார்க்கிற எனக்குத் தலை சுத்துது" என்றாள்.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்து ஒரு வருடம்கூட ஆகாத சமயம். பத்து பெரெண்டாம் விமானத் திடலில் நான் மெக்கானிக். ரப்பர் தோட்டத்துத் துரை ஒருவர் தரையிலும் தண்ணீரிலும் இறங்கக்கூடிய சின்ன விமானம் ஒன்று வைத்திருந்தார். அதன் அடிவயிறு படகு மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் சக்கரம். தரையில் இறங்கும்போது சக்கரத்தைக் கீழே விட வேண்டும், தண்ணீரில் இறங்கும்போது மேலே மடக்க வேண்டும். அதை ஓட்டிய வெள்ளைக்காரப் பைலட் மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குப் போய்விட்டார். நானோ ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் தொலைத்துத் தரை விமானம் ஓட்டப் படித்து, லைசென்ஸும் வாங்கி வைத்திருந்தேன். வெட்கத்தை விட்டுத் துரையிடம் போய் அந்த வேலையைக் கேட்டேன்.

தோட்டத்து ஆட்களிடம் தமிழ் கற்றவர் அவர். 'நீங்கள்' என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. "கடல்ல மூணு தரம் இறக்கிக் காட்டு. நல்லா இறக்கினா வேலை உனக்கு. இல்லாட்டி சிங்கப்பூர்லேருந்து ஆள் வரும்" என்றார். அந்த நாள்தான் இது. ஆயுசுக்கும் ஸ்பானர் பிடிப்பதா, இல்லை விமானம் ஓட்டுவதா என்பது அன்று மதியத்துக்குள் தெரிந்துவிடும்.

கிளம்பும்போது மனைவி ஒரு எலுமிச்சங்காயையும் ஏழு பச்சைமிளகாயையும் நூலில் கோத்துக் கொண்டுவந்தாள். காய் பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாளின் மரத்தில் பறித்தது. பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து கலந்துபோன செட்டிக் குடும்பம் என்பதால் அந்த அம்மாளுக்குத் தமிழ் வராது. "அம்பில், அம்பில்", எடுத்துக்கோ என்று மலாயிலேயே சொல்லிக் கை நிறையக் கொடுப்பார்.

"வண்டியில கட்டுங்க. ஊர்க்கண்ணு பூரா உங்க மேலதான் இருக்கு."

"அது லாரி இல்லடி."

"எதுவா இருந்தா என்ன, சக்கரம் இருக்கில்ல? கட்டுங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்."

நான் எப்படிப்பட்ட ஆள் தெரியுமா? எஞ்சின் பக்கத்தில் ஒரு கந்தல் துணி கிடந்தால்கூடக் கூட வேலை செய்பவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். அப்பேர்ப்பட்ட நான், துரை வருவதற்கு முன் திடலுக்குப் போய், யார் கண்ணிலும் படாமல் இடது சக்கரத்தைத் தாங்கும் காலில் அந்தச் சரத்தைக் கட்டினேன். அதிலும் என் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. நூல் காற்றில் அறுந்துவிடும் என்று தோன்றியது. விமானத்தில் நட்டுகள் கழலாமல் இருக்கக் கட்டும் மெல்லிய கம்பி பெட்டியில் இருந்தது. நூலை உருவிப் போட்டுவிட்டு, காயையும் மிளகாயையும் அந்தக் கம்பியில் கோத்து, இடுக்கியால் முறுக்கி, அறவே அவிழாதபடி கட்டினேன். விமானம் தரையில் நிற்கும்போது சக்கரத்தை மடக்கிப் பார்க்க முடியாது. மடங்கும்போது காய் பின்னால் ஒதுங்கிக்கொள்ளும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

துரை வந்து வலது பக்கம் உட்கார்ந்தார். நான் இடது பக்கம். எஞ்சின் முதுகுக்குப் பின்னால் அலறியது. தரை விமானத்தைவிட இது கனம், சோம்பேறி. ஓடியது, ஓடியது, எழும்பவே மனசில்லாததுபோல ஓடியது. பிறகு சக்கரத்தின் கடகடப்பு நின்றது. என் கையில்தான் எழும்பியது. அந்த ஒரு கணம் எனக்கு இருந்த சந்தோஷத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு இருக்கைக்கும் நடுவில் ஒரு கைப்பம்பு உண்டு. அதை அடித்தால் சக்கரம் மடங்கும். அடித்தேன். வழக்கத்துக்கு முன்னாலேயே பம்பு இறுகிவிட்டது. வலது பக்கம் எட்டிப் பார்த்த துரை, "இங்க மேலே" என்றார். நான் என் பக்கம் பார்த்தேன். சக்கரம் பாதியில் நின்றது. கம்பி அதன் கால் மடங்கும் மூட்டுக்குள் சிக்கியிருந்தது. மூட்டுக்கு வெளியே ஒரு பச்சைமிளகாய் காற்றில் துடித்துக்கொண்டிருந்தது.

இப்போதே சொன்னால் பரீட்சை முடிந்தது. கீழே போனதும் கம்பியைப் பார்ப்பார், வேலையும் போச்சு. நான் வாய் திறக்கவில்லை. துரை வெளியே பார்க்கும்போதெல்லாம் பம்பை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. கீழே காஜா பெராங் தகரக்கூரைகள் நகர்ந்தன. அதில் என் வீடு எது என்று தேடக்கூட மனம் ஒட்டவில்லை. பண்டார் ஹிலிரைத் தாண்டியதும் கடல் வந்தது. கரையோரம் கலங்கல், அப்பால் பச்சை.

ஒரு சக்கரம் தொங்க, தண்ணீரில் இறங்கினால் அந்தப் பக்கம் தண்ணீர் பிடித்து இழுக்கும், விமானம் குப்புறக் கவிழும். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும், அழுத்தத்தில் கம்பி அறுந்துவிடாதா என்று காத்திருந்தேன். இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இறக்க ஆரம்பித்தேன். மீன்பிடிப் படகில் ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்தது தெரிந்தது. தண்ணீரின் சுருக்கங்கள் தனித்தனியாகத் தெரிந்தன. தென்னைமர உயரம்தான் இருக்கும்.

"சக்கரம்?" என்றார் துரை. தண்ணீரைத் தொடுமுன் கடைசியாகக் கேட்கும் கேள்வி அது.

"இடது பக்கம் மேலே வரல தொரெ."

சொல்லிக்கொண்டே எஞ்சினுக்கு முழு வேகம் கொடுத்துத் தூக்கிவிட்டேன். துரை கை நீட்டவில்லை. விமானம் உயரம் பிடித்து நேரானது. பிறகு, "எப்போ பார்த்தே?" என்றார்.

"ஏறின உடனே."

பத்து பெரெண்டாமுக்குத் திரும்பினோம். சக்கரத்தைக் கீழே விடப் பம்பு அடித்தேன். நல்லவேளை, இறங்கிப் பூட்டிக்கொண்டது. தரையில் இறக்கியது நான்தான், பூப்போல இறக்கினேன். அதை யார் பார்த்தார்கள்?

துரை குனிந்து பார்த்தார். நசுங்கிய காயின் சாறு சக்கரத்தின் காலில் வழிந்திருந்தது. கம்பி முறுக்கை விரலால் தொட்டார்.

"யாரு கட்டினது?"

"நான்தான்."

"தோட்டத்துல புது லாரி வந்தா நானே எலுமிச்சம்பழம் வைப்பேன். நூல்ல கட்டியிருந்தா சிரிச்சிருப்பேன். கம்பி போட்டிருக்கே. ஏறின உடனே பார்த்திருக்கே. தண்ணி வரைக்கும் சும்மா இருந்திருக்கே." கொஞ்சம் நிறுத்தினார். "நீ நல்ல மெக்கானிக்."

அவ்வளவுதான். அடுத்த வாரம் சிங்கப்பூர் ஆள் வந்துவிட்டான். அவன் கடலில் இறக்கிக் கொண்டுவரும் விமானத்தை உப்புப்போகக் கழுவித் துடைப்பது என் வேலை. நான் ஒரு நாளும் அதைத் தண்ணீரில் இறக்கியதில்லை.

சைக்கிளில் வீடு வந்தேன். மனைவி வாசலிலேயே நின்றாள். உதடு காய்ந்திருந்தது, சொன்னபடியே எதுவும் குடிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"கிடைக்கலையா?"

"இல்ல."

"அந்தக் காயைக் கட்டினீங்களா, இல்லையா?"

கட்டினேன், அதனால்தான் போனது என்று அந்தக் காய்ந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? கம்பி போட்டவன் நான், ஆனால் அவள் காயைத்தான் நினைத்துக்கொள்வாள்.

"மறந்துட்டேன்" என்றேன்.

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேச ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. கல்யாணவீடு, காதுகுத்து, எங்கே போனாலும் யாராவது கிடைத்தால் போதும்: "அன்னைக்கு மட்டும் அந்தக் காயைக் கட்டியிருந்தா இந்த மனுஷன் இன்னைக்கு பைலட். மறந்துட்டாராம். இதைக்கூடவா மறப்பாங்க?" எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

இப்போது புக்கிட் காதிலில் மகன் வீட்டில் இருக்கிறோம். வெள்ளிக்கிழமைதோறும் மகனின் காருக்கு முன்னால் அவள் எலுமிச்சங்காயும் மிளகாயும் கட்டுவாள். என்னை நம்பிக் கொடுக்கமாட்டாள். அவள் உள்ளே போனதும் நான் எழுந்து போய், கட்டியிருப்பது நூல்தானா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன்.