சுண்டு விரலுக்கு ஐந்து சுற்று

கிடங்கில் அவளுக்கு ‘டேப்பக்கா’ என்று பெயர். பதினோரு வருடமாகப் பெட்டி ஒட்டுகிறாள். அவள் ஒட்டிய பெட்டி வழியில் வாய் பிளந்ததாக ஒரு புகாரும் வந்ததில்லை. திங்கட்கிழமை காலை அவளுக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தேர்வு. தேறினால் பெட்டி ஒட்டும் மேசையை விட்டு, சரக்குத் தூக்கும் அந்த வண்டியில் ஏறலாம். விட்டால் அடுத்த தேர்வு ஒரு வருடம் கழித்து. இரும்பு முனை பூட்ஸ் போடாதவர்களைத் தேர்வுக்கு உள்ளேயே விடமாட்டார்கள்.

ஞாயிறு மதியம், மடித்த துணிகளோடு அறைக்குள் போனவள் கட்டில் காலில் இடது சுண்டு விரலை இடித்துக்கொண்டாள். கண்ணில் பூச்சி பறந்தது.

கணவர் சலூன்காரர். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஆட்டு பாக்கலாம். ம்... நேராத்தான் இருக்கு. உடைஞ்ச மாதிரி தெரியல. கட்டிலுக்கு ஏதாவது ஆச்சா?”

“சிரிக்காதீங்க. நாளைக்கு பூட்ஸ் ஏறலன்னா இன்னும் ஒரு வருஷம் பெட்டிதான்.”

நகத்தோரம் சின்னக் கீறல். சோப்புத் தண்ணீரில் கழுவி, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து, ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்தாள். அதற்குள் கணவர் மருந்துக்கடைக்குப் போய், காயத்துக்கு ஒட்டும் டேப் வாங்கி வந்தார். பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டினால் ஆடாதாம்.

“குடுங்க. எனக்கே டேப் ஒட்டச் சொல்லித் தரீங்களா?”

பிடுங்கி, இழுத்துப் பிடித்து ஐந்து சுற்று சுற்றினாள். விரலைத் தட்டிப் பார்த்தாள். அசையவில்லை. திருப்தி.

ஒரு மணி நேரத்தில் விரல் மரத்துப்போய், நுனி கத்தரிக்காய் நிறமானது.

“போச்சுங்க, வீங்குது!”

கணவர் முனை மழுங்கிய கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொரு சுற்றாக வெட்டினார்.

“வீக்கம் இல்லம்மா, எல்லாம் உன் கைவேலை. ரத்தம் போக வழி வேணாமா? விரல எந்த ஊருக்கு அனுப்பப் போற?”

“லூசா ஒட்ட எனக்குக் கை வராதுங்க.”

“அப்ப கையக் கட்டிக்கிட்டு உக்காரு.”

விரல்களுக்கு நடுவே பஞ்சு வைத்து, அவரே தளர்வாக இரண்டே சுற்று சுற்றினார். கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பியது. அவளுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. “இது என் மேசைக்கு வந்தா திருப்பி அனுப்பிடுவேன்.”

காலையில் வீக்கம் பாதி வற்றியிருந்தது. ஆனாலும் பஞ்சுக்கட்டோடு பூட்ஸ் ஏறவில்லை. கிடங்கில் பூட்ஸ் கொடுக்கிறவரிடம் ஓர் அளவு பெரியதாக, இடது கால் மட்டும் கேட்டாள்.

“ஜோடியாத்தான் தருவேன்.”

“பெரிசு போட்டா வலது கால் பிரேக்குல வழுக்கும்ணே. ஒத்தை போதும்.”

தலையில் அடித்துக்கொண்டு கொடுத்தார்.

தேர்வாளர் அவள் நடையைக் கவனித்துவிட்டார். “கால்ல என்ன?” மறைக்காமல் சொன்னாள். இடது காலை ஊன்றி வண்டியில் இரண்டு முறை ஏறி இறங்கச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். பிறகு சாவியைக் கொடுத்தார். சரக்கைத் தூக்கி, மேல் தட்டில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“தேறிட்டீங்க. ஆனா விரல் ஆறாம வண்டியத் தொடக் கூடாது. பத்து நாள் மேசைதான்.”

“பத்தே நாள்தானே சார்?” என்றவள், நொண்டிக்கொண்டே மேசைக்குப் போனாள். அன்று முழுக்க வாயெல்லாம் பல்.