நைனா கட்டிக்கொண்ட கட்டு

எழுபதுகளின் கடைசியில், ஏழாவது படிக்கும்போது என் இரண்டு மணிக்கட்டும் வீங்கின. காலையில் எழுந்தால் பல்பொடி டப்பாவைக்கூடத் திறக்க முடியாது. வெயில் ஏற ஏறக் கொஞ்சம் இளகும். எங்கேயோ விழுந்திருப்பேன் என்று அப்பா (நைனா என்றுதான் கூப்பிடுவோம்) எலும்பு கட்டுகிறவரிடம் கூட்டிப்போனார். எண்ணெய் தடவி இழுத்துக் கட்டினார்கள். வலி தாளாமல் பள்ளிக்கூடமே நின்றுபோன பிறகுதான் உத்திரமேரூரில் பஸ் ஏறிச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா எக்ஸ்ரேவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இது அடிபட்ட வீக்கம் இல்லைங்க. மூட்டுவாதம், குழந்தைங்களுக்கும் வரும். வலது மணிக்கட்டுல எலும்பு அரிக்க ஆரம்பிச்சிருக்கு."

நைனா முகம் செத்துப்போயிற்று. "நான்தாம்மா இழுத்துக் கட்ட வுட்டேன்."

"அதனால வரலை. இனிமே செய்யறதுதான் முக்கியம்."

மாத்திரை கொடுத்தார். தினமும் காலையில் கைகளை வெந்நீரில் வைத்து விரல்களை மடக்கி நீட்டச் சொன்னார். தூங்கும்போது வலது கை கோணாமலிருக்க மாவுக்கட்டில் ஒரு பட்டை செய்து கொடுத்து, ராத்திரியில் கட்டச் சொன்னார்.

அந்தப் பட்டையை வெறுத்தேன். புழுக்கம், அரிப்பு. ஒரு மாதம்கூட ஆகவில்லை, வைக்கோல் போரில் செருகிவிட்டுத் தொலைந்துபோச்சு என்றேன். மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கும்போது அது நைனா கையிலேயே கிடைத்தது. அவர் திட்டவில்லை.

மறுநாள் காலை பார்த்தால் அவருடைய வலது மணிக்கட்டில் மூங்கில் பிளாச்சு வைத்துத் துணி சுற்றியிருந்தது.

"இன்னா நைனா இது?"

"எப்டிதான் கீதுன்னு பாக்கலாம்னு கட்டிக்கினு படுத்தேன். தூக்கமே வர்ல. நீ ஒளிச்சி வெச்சது தப்பில்லம்மா." அவிழ்த்துக் கையை உதறினார். "ஆனா நீ கட்டிக்கோ. பேஜாரா இருந்தா என்னை எழுப்பு. கொஞ்ச நேரம் அவுத்து வுட்டு திரும்பக் கட்றேன்."

எழுப்பினேன், எத்தனையோ முறை. அவர் அலுத்துக்கொண்டதில்லை. வெந்நீர் வைப்பதும் அவரே. நடவு நாட்களில்கூட அதை முடித்துவிட்டுத்தான் வயலுக்குப் போவார். பேனா பிடிக்க முடியவில்லை என்றபோது சைக்கிள் டியூபை வெட்டி அதன்மேல் சுற்றித் தடிமனாக்கினார். அதில்தான் பத்தாவது பரீட்சை எழுதினேன்.

வலது மணிக்கட்டு பின்னாளில் இறுகிவிட்டது, இன்றும் மடங்காது. குடம் தூக்க மாட்டேன், துணி பிழிய மாட்டேன். ஆனால் கை நேராக இருக்கிறது, விரல்கள் ஐந்தும் சொன்னபடி கேட்கின்றன.

இருபது வயதில் மறுபடி எக்ஸ்ரே எடுக்கப் போனபோது, வேறொரு டாக்டர் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஒழுங்கா யாரு பார்த்துக்கிட்டாங்க?" என்றார்.

"எம் பொண்ணு அதுவேதான் செஞ்சிக்கினு இருந்துச்சு சார்" என்றார் நைனா.

நான் விடவில்லை. "இல்ல சார், எல்லாம் எங்க நைனாதான்" என்றேன். அவர் காதுபடச் சொல்ல எனக்கு அன்றைக்குத்தான் வாய்த்தது.