சேனை வைத்த நேரம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பிறந்ததும் என் நாக்கில் சேனை வைத்தது பெரியத்தை, அவள் வாய்தான் எனக்கு வந்திருக்கிறது என்பார்கள். சர்க்கரைத் தண்ணீரை முதலில் யார் தொட்டு வைக்கிறார்களோ, அவர்கள் குணம் பிள்ளைக்கு வருமாம். நான் பிறந்த அன்றே அம்மா போய்விட்டாள். "ஆத்தாள முழுங்கிட்டுப் பொறந்தவ" என்ற பட்டத்தைக் கொடுத்ததும் அதே பெரியத்தைதான். நான் வளர்ந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு வளைகாப்புக்கும் என்னைக் கூப்பிட்டதில்லை.

எழுபதுகளின் கடைசியில் கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன்; நோயாளிகள் மிஸி என்று கூப்பிடுவார்கள். மேற்படிப்புக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பிரசவம் பார்க்கும் மிட்வைஃப்ரியா, குடும்ப நலமா என்று வார்டு சிஸ்டர் கேட்டதும் யோசிக்காமல் குடும்ப நலம் என்றேன். கிளினிக், தடுப்பூசி, காப்பார் பக்கம் எஸ்டேட் வீடுகளுக்குப் போய் வருவது. பிரசவ அறையைக் கடக்கும்போது வேகமாக நடப்பேன். உள்ளே எவள் கத்தினாலும் அம்மா குரல் போலவே இருக்கும். அம்மா குரலை நான் கேட்டதே இல்லை.

"ஒனக்கு லேபர் ரூமுக்குன்னே ஒரு கை இருக்கு லா. திங்கக்கெழம வந்து சொல்லு," என்றார் சிஸ்டர்.

அந்த ஞாயிறு அம்மாவுக்குத் திதி. காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு இலையில் உட்கார்ந்தபோது விஷயத்தைச் சொன்னேன். பெரியத்தை அப்பளத்தை நொறுக்கியபடி, "குடும்ப நலத்துக்கே போ. இவ கை பட்டா புள்ளத்தாச்சிக்கு ஆகுமா?" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்பா, நான்தான் அம்மாவ முழுங்கினேனா? இன்னிக்காவது வாயத் தொறந்து சொல்லுங்க."

அப்பா அதிகம் பேசாதவர். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"நீ பொறந்தப்ப உங்கம்மா நல்லாத்தான் இருந்தா. பொம்பளப் புள்ளையான்னு கேட்டுச் சிரிச்சா. அப்புறம் சேனை யாரு வைக்கிறதுன்னு இவளுக்கும் ஒன் மாமிக்கும் சண்ட. மருத்துவச்சி, நானு, எல்லாரும் முன்னறையில ஒன்னச் சுத்தி நின்னோம். ஒருவழியா இவ வச்சா. நீ சப்புக்கொட்டினே, எல்லாரும் சிரிச்சோம். உள்ள போய்ப் பாத்தா பாய் முழுக்க ரத்தம்மா. கூப்பிட்டாளோ என்னவோ, எங்க சத்தத்துல கேக்கல."

பெரியத்தை எழுந்து கை கழுவப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அவள்மேல் கோபம்கூட வரவில்லை, அழுகைதான் வந்தது.

திங்கட்கிழமை சிஸ்டரிடம் மிட்வைஃப்ரி என்றேன்.

படித்து முடித்துப் பல வருஷம் அந்தப் பிரசவ அறையில் வேலை பார்த்தேன். பயம் மட்டும் போகவே இல்லை. பிள்ளை அழுததும் எல்லார் முகமும் பிள்ளை பக்கம் திரும்பும். நான் தாயின் வயிற்றில் கை வைத்தபடி, ரத்தம் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அப்போது சட்டென்று குனிந்து, "என்னம்மா, கூப்பிட்டீங்களா?" என்று கேட்பேன்.

"நான் கூப்பிடலையே மிஸி," என்பார்கள்.