ரோமியோ டாங்கோ எக்கோ என்று இரண்டு பேர்

நான் இரண்டு முறை ஃபெயிலாக்கிய ஒரு பெண்மணியைப் பற்றி எழுதுகிறேன். அதில் நான் மார்தட்டிக்கொள்ள ஒன்றுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விமான நிலையத்தின் கண்ட்ரோல் டவரில் நான் தேர்வாளராக இருந்தேன். புதிதாக மைக் முன்னால் உட்கார வருகிறவர் யாரானாலும் என் கையெழுத்து இல்லாமல் தனியாக ஒரு விமானத்தோடும் பேச முடியாது. இந்த அம்மாள் கீழ்த்தளத்தில், விமானிகள் தரும் பயணப் படிவங்களை வாங்கி வைக்கும் மேசையில் பதினோரு வருஷம் இருந்தவர். நாற்பது வயதில் இலாகாத் தேர்வு எழுதி மாடி ஏறி வந்தார். டவரில் அவருக்கு வைத்த பெயர் "முழுப்பேர்". முகத்துக்கு நேரே என்றால் "முழுப்பேர் அக்கா".

பெயருக்குக் காரணம் உண்டு. பெரிய விமானங்களை நிறுவனத்தின் பெயரையும் எண்ணையும் சேர்த்து அழைப்போம். பக்கத்துப் பயிற்சிப் பள்ளியின் குட்டி விமானங்களுக்கு உடம்பில் எழுதிய ஐந்து எழுத்துதான் அழைப்புப் பெயர். எழுத்துக்கு ஒரு சொல்லாக ஆல்ஃபா, பிராவோ என்று சொல்ல வேண்டும். முதல் தடவை ஐந்தையும் சொல்லிவிட்டால், குழப்பத்துக்கு இடமில்லாதபோது முதல் எழுத்தும் கடைசி இரண்டும் போதும். ஆனால் சுருக்கும் உரிமை டவருக்கு. டவர் சுருக்கிய பிறகுதான் விமானியும் சுருக்கலாம். நாங்கள் எல்லோரும் இரண்டாவது வாக்கியத்திலேயே சுருக்கிவிடுவோம். அவர் மட்டும் விமானம் வந்து நின்று என்ஜின் அணையும்வரை ஐந்தையும் சொல்வார்.

லாரி ஓட்டும் அவர் கணவர் ஒருநாள் டிபன் பாக்ஸ் கொடுக்க வந்தபோது என்னிடமே புலம்பினார். வீட்டில் மகளை விமானியாக்கிப் பயிற்சி நடக்கிறதாம். பிள்ளை தண்ணீர் கேட்டால்கூட ஐந்து எழுத்தும் சொன்னால்தான் டம்ளர் நகருமாம்.

அவரை ஃபெயிலாக்கிய இரண்டு முறையும் நான் எழுதிய காரணம் ஒன்றுதான்: அதிக நேரம் பேசி அலைவரிசையை அடைக்கிறார். மூன்றாவது தேர்வு கடைசித் தேர்வு. அதிலும் போனால் ஓய்வு பெறும்வரை கீழ்த்தள மேசைதான். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, கொஞ்சம் சுருக்கிப் பேசினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன்.

"யார்கிட்ட பேசறேன்னு எனக்கு மட்டும் தெரிஞ்சா போதாது சார். அவங்களுக்கும் தெரியணும்," என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. பிடித்த பிடியை விடாத ஆள் என்று மனதுக்குள் திட்டினேன். ஆனால் அடுத்த ஆறு மாதமும் அவர் தினமும் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, காலி அறையில் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு பேசிப் பழகினார். பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் குறைத்தார்: வணக்கம், நன்றி, இடையில் விடும் மூச்சு.

தேர்வு அன்று காலை பத்து மணிக்கு வானம் சந்தைக்கடையாகிவிட்டது. ஓடுபாதை முனையில் பயணிகள் விமானம் ஒன்று புறப்படக் காத்திருந்தது. பயிற்சிப் பள்ளி விமானங்கள் இரண்டு இறங்க வந்துகொண்டிருந்தன. ரோமியோ லீமா பிராவோ டாங்கோ எக்கோ ஓடுபாதைக்கு நேராக வந்துவிட்டது. ரோமியோ லீமா ஆல்ஃபா டாங்கோ எக்கோ பக்கவாட்டில், இன்னும் திரும்பாமல் இருந்தது. இந்த இரண்டாவது விமானத்தைப் பள்ளி வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதை டவருக்கு அறிவித்த சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவனே நான்தான்.

அவர் ஐந்து எழுத்தையும் சொல்ல வாயெடுத்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. என் மைக்கை அழுத்தி, "ரோமியோ டாங்கோ எக்கோ, இறங்கலாம்," என்று நானே சொல்லிவிட்டேன்.

காதில் கீச்சென்று ஓர் ஒலி கேட்டது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் அப்படித்தான் கேட்கும். கண்ணாடி வழியே பார்த்தேன். பக்கவாட்டில் இருந்த புது விமானம் ஆல்ஃபா ஓடுபாதையை நோக்கி, பிராவோவுக்குக் குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆல்ஃபாவை ஐந்து எழுத்தும் சொல்லி அழைத்து, இறங்காமல் மேலே ஏறச் சொன்னார். அது ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகு, பிராவோவை ஐந்து எழுத்தும் சொல்லி இறக்கினார். அதே குரல், அதே வேகம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். தேர்வாளர் மைக்கைத் தொட்டால், தவறு தன்னுடையது என்று அவரே எழுதினாலொழிய, தேர்வு எழுதுபவர் ஃபெயில். விதி அப்படி. பாதுகாப்புக்காகக் குறுக்கிட்டேன் என்று ஒரு வரி எழுதினால் என் மானம் தப்பிக்கும்; கேட்பாரும் இல்லை. பொய் சொல்வானேன், பேனா அந்த வரியை எழுதத்தான் போனது. அவர் மேசைக்கு எதிரே வந்து நின்றார்.

"என்னை ஃபெயில் போட்டாலும் போடுங்க சார், நான் கீழயே போய்க்கறேன். ஆனா நீங்க கூப்பிட்ட பேருக்கு ரெண்டு விமானம் திரும்புச்சுன்னு எழுதிடுங்க. நாளைக்கு இந்த நாற்காலில உக்கார்றவங்களுக்கு அது தெரியணும்."

அழவில்லை, கெஞ்சவில்லை. எனக்குத்தான் வெட்கத்தில் காது சுட்டது. படிவத்தில் குறுக்கிட்டதற்கான காரணம் என்ற இடத்தில் "தேர்வாளரின் தவறு" என்று எழுதினேன். நடந்ததை ஒன்றுவிடாமல் கீழே எழுதி, அவர் தேர்ச்சி பெற்றதாகக் கையெழுத்திட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரே தபாலில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று அவருக்கு உரிமம். மற்றது, நான் இனித் தேர்வாளர் இல்லை என்ற உத்தரவு. என்னுடையதைப் பையில் போட்டுக்கொண்டு, அவருடையதை எடுத்துக்கொண்டு நானே மாடி ஏறினேன்.