லங்கோட்டுக்குள் மறைத்த குடலிறக்கம்

மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்து இருமியபோதுதான் முதலில் தெரிந்தது. வலது தொடைச் சந்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு வீக்கம். விரலால் அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. வலி இல்லை. அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுத்தேன்.

அப்போது ஆலங்குடியில் ஒரு கடலை மில்லில் சுமை தூக்கிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு வீட்டைவிட்டுக் கிளம்பி, நாகப்பட்டினம், தனுஷ்கோடி, மூணாறு என்று சுற்றியவன் நான். திருவரங்குளத்தில் அக்கா இருந்ததால் இந்தப் பக்கம் ஒதுங்கினேன். மில்லில் யாருக்கும் நிரந்தர வேலை கிடையாது. காலையில் வாசலில் நிற்போம். மேஸ்திரி கருப்பையா தோளைத் தொட்டவன் உள்ளே போகலாம். இருமுகிறவனும் நொண்டுகிறவனும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வீக்கத்தைப் பற்றி நான் வாய் திறக்காததற்கு அதுதான் காரணம்.

சுமைக்காரர்கள் சிலர் சாயங்காலம் தாலீமுக்கு (உடற்பயிற்சிக் கூடம்) போவார்கள். நானும் போனேன். “அடிவயித்துல காத்து எறங்கியிருக்கு. லங்கோட்டை இறுக்கிக்கிட்டு தண்டால் எடு, தானா ஏறிரும்” என்றார், லங்கோடு கட்டும்போது வீக்கத்தைப் பார்த்துவிட்ட ஒருவர். நம்பினேன். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை எதையும் விடவில்லை. மார்பு அகன்றது, தோள் திரண்டது. மேஸ்திரி என் தோளைத்தான் முதலில் தொட ஆரம்பித்தார். “என்னடா, தேர்ச்சக்கரம் கணக்கா ஆயிட்ட!” என்பார். லங்கோட்டுக்குள் வீக்கமும் வளர்ந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் உச்சிவெயிலில், மூட்டையோடு லாரிப் பலகையில் ஏறும்போது உள்ளே ஏதோ வழுக்கி இறங்கியது. இந்த முறை அழுத்தினால் போகவில்லை. கல்லாக இறுகி நின்றது. வாந்தி நிற்கவில்லை. கூட வேலை செய்தவர்கள் என்னைப் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தகவல் கேட்டு அக்கா அடுத்த பஸ்ஸில் வந்தாள்.

“இம்புட்டு நாளா இருந்துச்சா? எங்கிட்டச் சொல்ல ஒனக்கு வாய் இல்லையாடா?”

“வேலை போயிரும்க்கா.”

“உசுரு போயிருந்தா மேஸ்திரியா வந்து தூக்குவாரு?”

டாக்டர் இதைக் குடலிறக்கம் (வயிற்றுத் தசை விலகிய இடத்தில் குடல் பிதுங்கி வருவது) என்றார். வெளியே வந்த குடல் நெரிபட்டுவிட்டதாம் (ரத்த ஓட்டம் நின்றுபோவது). நேரம் கடந்தால் அந்தக் குடல் அழுகிவிடும். தாலீம் கதையைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“கிழிஞ்ச சாக்கை இறுக்கிக் கட்டி, அதுலயே இன்னும் கடலையைத் திணிச்சிருக்கே. சாக்கு என்னய்யா ஆகும்?”

முதுகுத்தண்டில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போனதும் அறுத்துத் தைத்தார்கள். குடல் கறுக்கவில்லை. பிழைத்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், “ஆறு மாசம் மூட்டையைத் தொடாதே. தண்டாலும் வேணாம்” என்றார்.

“அப்ப நான் எதைத் திங்கிறதுங்க?”

“அதை மில்லுல கேளு. ஒனக்கு நான் தர்ற மருந்து நடைதான். தினம் நட. இருமல் வந்தா தையல் மேல கையை அழுத்திக்க.”

நடப்பதை ஒரு பயிற்சி என்று நான் அதுவரை நினைத்ததே இல்லை. அக்கா வீட்டிலிருந்து முதலில் தெருமுனை வரைக்கும்தான் முடிந்தது, அதுவும் கூன் போட்டுக்கொண்டு. பிறகு ஊருணி வரை. நிமிர்ந்து நடந்தால் தையல் பிய்ந்துவிடும் என்ற பயம் போக வெகுநாள் ஆனது. இப்படி வயிற்றில் தையல் போட்டால் அந்தப் பயம் உங்களுக்கும் வரும். மெல்ல நிமிருங்கள், பிய்யாது. அடுத்த கடலைப் பருவம் வருவதற்குள் வம்பன் வரை போய்த் திரும்பினேன்.

அந்தத் தெம்பில் மில் வாசலுக்குப் போனேன்.

“வாடா பயில்வான்! லாரி நிக்குது, உள்ள போ” என்று மேஸ்திரி தோளைத் தொட்டார்.

“மூட்டை வேணாம் மேஸ்திரி. களத்துல கடலை துழாவுறேன்.”

களத்தில் பரப்பிய கடலையைக் காலால் கிளறிக்கொண்டே நாள் முழுவதும் நடக்கவேண்டும். அது பெண்கள் வேலை, கூலியும் குறைவு.

“சேலை ஒண்ணு வாங்கித் தரட்டுமா?” என்றார் மேஸ்திரி. களத்துப் பெண்கள் சிரித்தார்கள்.

அவர்களில் மூத்தவள் பாக்கியம். “ஏன், ஆம்பளைக் காலுக்குக் கடலை பொரளாதா மேஸ்திரி? வெயில் எங்களுக்கு மட்டுமா அடிக்குது, விடுங்க” என்றாள்.

“பொம்பளைக் கூலிதான்டா. அப்புறம் மூட்டைக்கு வாரேன்னு வந்து நிக்கக் கூடாது.”

“நிக்க மாட்டேன். ஆனா தினம் வாசல்ல நின்னு தோளைக் காட்டவும் மாட்டேன். பரப்புன கடலை காயிற வரைக்கும் ஒரே ஆளு இருந்தாத்தான் பதம் தெரியும். பருவம் முடியிற மட்டும் நான்தான்னு இப்பவே சொல்லிருங்க.”

மேஸ்திரி பாக்கியத்தைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். “போய்த் தொலை” என்றார்.

மூட்டை சுமந்த நாளில் லாரி வந்தால் பொழுது ஓடும், லாரி போனால் பொழுது செத்துக் கிடக்கும். களத்தில் அப்படி இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்புவதற்குள் நிழல் சற்று நகர்ந்திருக்கும். கடலையும் அந்த அளவுக்குத்தான் காய்ந்திருக்கும். என் உடம்பும் அந்தக் கணக்கில்தான் தேறுகிறது என்று உள்ளங்காலுக்குத் தெரிந்தது. பாக்கியம் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்தால், கை தானாகத் தழும்பை அழுத்திக்கொள்ளும். அதைப் பார்த்து அவள் இன்னொன்று சொல்வாள்.

குனிந்து ஒரு கடலையை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்ப்பேன். காய்ந்திருந்தால் பருப்பு உள்ளே சலசலக்கும். சத்தம் இல்லையென்றால் கீழே போட்டுவிட்டு, திரும்பி நடப்பேன்.